நகரும் ஆற்றை வரைவது எப்படி?

ஆறு மேட்டில் ஏறுமா? அலாஸ்காவின் கணினி வரைபடங்களில் ஏறியது. 1950களை ஒட்டி வரைந்த ஓடைகளின் நீலக்கோடுகளை, அண்மையில் ரேடார் விமானங்கள் அளந்த நில உயரங்களின் மேல் வைத்துப் பார்த்தார்கள். பள்ளத்தாக்கின் நடுவில் ஓட வேண்டிய ஓடை பக்கத்துச் சரிவில் ஏறி இறங்கியது. ஏரி ஒன்று சாய்ந்து கிடந்தது. தவறு ஓடையிலும் இல்லை, மலையிலும் இல்லை. இரண்டையும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கருவிகளால் அளந்திருந்தார்கள். இரு அளவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போக மறுத்தன.

மனிதர் அரிதாகக் கால்வைக்கும் துருவப்பகுதி ஆற்றுச் சமவெளியை வரைபடமாக்குவது எவ்வளவு பெரிய வித்தை என்பதை இந்த ஏறும் ஓடையே காட்டிக்கொடுத்துவிடும். மலை ஓரிடத்தில் நிற்கும். தண்ணீர் நிற்காது. ஆனால் மலையின் உயரத்தையே தண்ணீர் மட்டத்திலிருந்துதான் சொல்கிறோம். நிலத்தை அளக்கப் போனவர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டி வருகிறார்கள்.

ஒரு நதி, ஒரே ஓர் ஊர்

எடுத்துக்காட்டாக அலாஸ்காவின் நோவாடக் ஆற்றை எடுத்துக்கொள்வோம். புரூக்ஸ் மலைத்தொடரில் இகிக்பாக் சிகரத்தின் பனிச்சரிவுகளில் பிறந்து, 600 கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே ஓடி, காட்ஸெபு வளைகுடாவில் கலக்கிறது. பிறப்பிலிருந்து முகத்துவாரம் வரை முழுவதும் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேதான். அணை இல்லை, பாலம் இல்லை, கரையோரச் சாலை இல்லை. கரையில் இருப்பது ஒரே ஓர் ஊர், அதன் பெயரும் நோவாடக். அங்கே வாழும் இனுப்பியாட் மக்களுக்கு இந்த ஆற்றின் ஒவ்வொரு வளைவும் தெரியும். எந்த இடத்தில் மீன் ஏறும், எந்தக் கணவாய் வழியாகக் காரிபு மான்கூட்டம் இறங்கும் என்பது தலைமுறை தலைமுறையாக அவர்கள் மனத்தில் இருக்கும் வரைபடம். காகிதத்தில் ஏறியது வெகு பிற்பாடுதான்.

காகிதத்தில் ஏற்றுவது என்றால் என்ன? இடங்களின் பெயரும் திசையும் மட்டும் போதாது. மேடு பள்ளங்களை உயரத்தோடு காட்டும் வரைபடத்துக்குத் தலப்படம் என்று பெயர். அதன் உயிர் சம உயரக் கோடு: கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளையெல்லாம் இணைத்துச் செல்லும் மெல்லிய பழுப்புக் கோடு. கோடுகள் நெருங்கி நின்றால் செங்குத்து, விலகி நின்றால் சமவெளி. இன்னும் ஒரு நுட்பம் உண்டு. ஓடையைக் கடக்கும்போது ஒவ்வொரு கோடும் கூராக மடங்கும், அந்தக் கூர்முனை எப்போதும் ஓடையின் பிறப்பிடத்தைத்தான் நோக்கும். ஆகவே நீலமையே படாத தலப்படத்திலும் தண்ணீர் எங்கே ஓடும், எந்தப் பக்கம் ஓடும் என்று படித்துவிடலாம். நிலத்தைச் சரியாக அளந்திருந்தால் மட்டும்!

பலகையும் தொலைநோக்கியும்

1885இல் சாமுவேல் மெக்லெனகன் என்ற அமெரிக்கக் கப்பல்துறை அலுவலர் ஒரு மாலுமியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, தோலால் செய்த ஒடுங்கிய படகில் நோவாடக்கை எதிர்த்து மேலேறினார். அவர் கொண்டுவந்தது ஆற்றின் தோராயமான போக்கு. 1911இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிலிப் ஸ்மித் தலைமையில் ஒரு குழு வந்தது. தெற்கே அலாட்னா ஆற்றில் ஏறி, படகையும் மூட்டையையும் சுமந்து நீர்ப்பிரிமேட்டைக் கடந்து, நோவாடக்கில் இறங்கிக் கடல்வரை போனது. அந்தப் பயணத்தின் அறிக்கை 1913இல் வரைபடங்களோடு வெளியானது.

அக்கால நில அளவையாளரின் முக்கியக் கருவி பிளேன் டேபிள். முக்காலியின் மேல் மட்டமாகப் பொருத்திய வரைபலகை, அதில் ஒட்டிய தாள், தாளின் மேல் தொலைநோக்கி பொருத்திய ஓர் அடிக்கோல். அவ்வளவுதான். ஒரு குன்றின் உச்சியில் நின்று தொலைவிலுள்ள சிகரத்தைத் தொலைநோக்கியில் பிடித்து, அடிக்கோலின் ஓரமாகப் பென்சிலால் கோடு இழுப்பார். பிறகு இரண்டாவது குன்றுக்குப் போய், அதே சிகரத்தைப் பார்த்து இன்னொரு கோடு. இரண்டு கோடுகளும் வெட்டும் இடம்தான் அந்தச் சிகரம்! போய்த் தொடவே இல்லை. கோணம் எழுதி, கணக்குப் போட்டு, ஊருக்குத் திரும்பியபின் வரைய வேண்டியதும் இல்லை. வரைபடம் அந்த மலையுச்சியிலேயே, கண்ணெதிரிலேயே பிறந்துவிடும்.

பக்கத்துத் தூரங்களுக்கு வேறொரு தந்திரம். தொலைநோக்கியின் கண்ணாடிக்குள் மேலும் கீழுமாக இரண்டு நுண்ணிய கோடுகள் இருக்கும். எதிரே உதவியாளர் அளவுகோல் கம்பைப் பிடித்து நிற்பார். அந்த இரு கோடுகளுக்கு நடுவே கம்பின் எவ்வளவு நீளம் தெரிகிறதோ, அதை 100ஆல் பெருக்கினால் தூரம். 1.2 மீட்டர் தெரிந்தால் 120 மீட்டர். சங்கிலி இழுத்து அளக்க முடியாத சதுப்பிலும், கொசுமேகத்தின் நடுவிலும் இந்த முறைதான் கைகொடுத்தது.

உயரத்துக்குக் காற்றழுத்தமானி. தரைக்கு அருகில் ஒவ்வொரு எட்டு மீட்டர் ஏறும்போதும் காற்றழுத்தம் சுமார் ஒரு மில்லிபார் குறையும். எளிய கணக்கு. சிக்கல், அழுத்தம் வானிலை மாறினாலும் குறையும் என்பதுதான். காலையில் முகாமிட்டு மாலையில் புயல் நெருங்கினால், கருவியைப் பொறுத்தவரை முகாம் இருந்த இடத்திலேயே பல பத்து மீட்டர் உயர்ந்துவிடும்! அதனால் தெரிந்த உயரங்களோடு அடிக்கடி ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே போக வேண்டியிருந்தது.

பூமிப்பந்தில் தாம் எங்கே நிற்கிறோம் என்பதை வானத்தைப் பார்த்துத்தான் அறிவார்கள். ஆனால் வேலை செய்ய முடிந்த ஒரே பருவமான கோடையில் அங்கே இருட்டே கிடையாது, விண்மீன்களும் கிடையாது. சூரியனை மட்டும் நம்ப வேண்டும். தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்கத் துல்லியமான கடிகாரம் வேண்டும், ஏனெனில் பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி சுழல்கிறது. இங்கே துருவப்பகுதி ஒரு சலுகையும் தருகிறது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகின்றன. நிலநடுக்கோட்டில் கடிகாரம் நான்கு விநாடி பிசகினால் இடம் ஏறத்தாழ 1,850 மீட்டர் தள்ளிப்போகும். நோவாடக்கில் அதே பிசகு சுமார் 700 மீட்டர்தான்.

இதே காலத்தில், கிழக்கே கானிங் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ஃபிளாக்ஸ்மன் தீவில் எர்னஸ்ட் லெஃபிங்வெல் என்பவர் கிட்டத்தட்டத் தனியாளாக வேலை செய்துகொண்டிருந்தார். 1906இல் வந்த பயணக் கப்பல் பனியில் நொறுங்க, அதன் மரத்தைக் கொண்டே குடில் கட்டிக்கொண்டார். 1914 வரை ஒன்பது கோடைகளும் ஆறு குளிர்காலங்களும் அங்கே கழித்து, நாய்வண்டியிலும் சிறுபடகிலும் அலைந்து கரையையும் உள்நாட்டு மலைகளையும் வரைந்தார். வரையும்போது அவர் கண்ணில் பட்டது இன்னொன்று. தரையெங்கும் பலகோண வடிவில் வெடிப்புகள். குளிரில் உறைநிலம் வெடிக்கிறது, கோடையில் உருகிய நீர் வெடிப்பில் இறங்கி உறைகிறது, மறு ஆண்டு அதே இடத்தில் மீண்டும் வெடிக்கிறது. இப்படி ஆண்டுக்காண்டு தடித்து, மண்ணுக்குள் பனிக்கட்டி ஆப்புகள் உருவாகின்றன என்று அவர் 1915இல் விளக்கினார். இன்றும் அந்த விளக்கம் நிற்கிறது. நிலத்தின் மேற்பரப்பை அளக்கப் போனவர் அதன் உள்கட்டமைப்பையும் கண்டு சொன்னார்.

பறக்கும் கண்கள்

நடந்தும் படகிலும் போனவர்களால் ஆற்றையும் கரையோரக் குன்றுகளிலிருந்து தெரிந்த பகுதியையும்தான் வரைய முடிந்தது. அப்பால் தாள் வெறும் வெள்ளை. கோடை மூன்றே மாதம், நிலமோ முடிவில்லாதது. இந்த நெருக்கடிதான் ஜேம்ஸ் பேக்லி என்ற அலாஸ்கா நில அளவையாளரைப் புகைப்படத்தின் பக்கம் தள்ளியது. மலையுச்சியில் நின்று சுற்றிலும் அகலப் படம் எடுக்கும் பெனோரமா கேமராவை அளவைக்குப் பழக்கினார். படத்தைக் கொண்டுவந்து, கோணங்களைக் குளிர்காலத்தில் அலுவலக மேசையில் அளந்துகொள்ளலாம். கோடையைக் குளிர்காலத்துக்குக் கடத்திவிட்டார் என்றே சொல்லலாம். முதல் உலகப் போரின்போது அவரே விமானத்துக்காக மூன்று லென்ஸ் கேமராவையும் வடிவமைத்தார்.

அந்த மூன்று லென்ஸ் எண்ணம் இரண்டாம் உலகப் போரில் டிரைமெட்ரோகான் என்ற முறையாக வளர்ந்தது. ஒரு விமானத்தில் மூன்று கேமராக்கள். ஒன்று நேர் கீழே பார்க்கும். மற்ற இரண்டும் இடமும் வலமுமாகச் சாய்ந்து பார்க்கும். மூன்று படங்களையும் சேர்த்தால் ஒரு தொடுவானத்திலிருந்து மறு தொடுவானம் வரை முழு நிலமும் அகப்பட்டுவிடும். இதை அமெரிக்க இராணுவத்தோடு சேர்ந்து உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜெரால்ட் ஃபிட்ஜெரால்ட். 1920களில் வடக்கு அலாஸ்கா ஆறுகளில் பிளேன் டேபிளைச் சுமந்து திரிந்தவர். எவ்வளவு நிலம் வெள்ளையாகக் கிடக்கிறது என்பது அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்?

தட்டையான படத்திலிருந்து உயரம் எப்படி வருகிறது? கையை நீட்டி ஒரு விரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை. விரல் பின்னாலிருக்கும் சுவரின் மேல் இடமும் வலமுமாகத் தாவும். விரலை அருகே கொண்டுவந்தால் தாவல் பெரிதாகும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். நம் கண்களுக்கு இடையே ஆறரை சென்டிமீட்டர்தான். ஆறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே சுமார் மூன்றரை கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். அதாவது மூன்றரை கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரு கண்கள்! அந்தக் கண்களுக்கு மலையுச்சி விமானத்துக்கு அருகில் இருப்பதால் அதிகம் தாவும், பள்ளத்தாக்கு குறைவாகத் தாவும். தாவலின் அளவே உயரம்.

இரு படங்களையும் ஒரு கருவியில் வைத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொன்றைக் காட்டினால், கண்முன்னே மலை முப்பரிமாணத்தில் எழும். அதன் நடுவே ஓர் ஒளிப்புள்ளி மிதக்கும். புள்ளியின் உயரத்தை 500 மீட்டரில் பூட்டிவிட்டு, அது தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கைச்சக்கரத்தைச் சுழற்றி நகர்த்த வேண்டும். புள்ளி மலைக்குள் புதைந்தால் தவறு, காற்றில் மிதந்தாலும் தவறு. அது போன பாதையை இணைந்திருக்கும் பென்சில் தாளில் வரையும். அதுவே 500 மீட்டர் சம உயரக் கோடு. பிறகு 530, பிறகு 560. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே, வரைபவர் தாம் கண்டிராத மலைகளைச் சுற்றிச் சுற்றி நடந்து முடித்துவிடுவார்.

இப்படித்தான் 1950களில் புரூக்ஸ் மலைத்தொடருக்கான தலப்படங்கள் வந்தன. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவு. ஒரு மைலில் 63,360 அங்குலம் உண்டு, ஆகவே அவற்றின் அளவு 1:63,360 என்ற விசித்திர எண். அக்காலத்துக்கு அது மாபெரும் சாதனை. ஆனால் முறையில் ஓர் ஓட்டை இருந்தது. புதுப்பனி மூடிய சரிவில் கண்ணுக்கு ஒட்டிக்கொள்ள எந்த அடையாளமும் இல்லை, முழு வெள்ளை. ஒளிப்புள்ளி தரையைத் தொட்டதா என்பதே தெரியாது.

இதன் விளைவு ஒரு வேடிக்கையில் முடிந்தது. அமெரிக்க ஆர்க்டிக்கின் உயரமான சிகரம் எது என்று கேட்டால், ஓர் அளவுள்ள வரைபடம் இஸ்டோ என்றது, இன்னோர் அளவுள்ள வரைபடம் சேம்பர்லின் என்றது. இரண்டையும் வெளியிட்டது ஒரே துறை! அறுபது ஆண்டுகள் ஓடிய பிறகு, 2016இல்தான் வழக்கு தீர்ந்தது. மாட் நோலன் என்ற ஆய்வாளர் சிறு விமானத்திலிருந்து எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைக் கணினியால் இணைத்து உயரங்களைக் கணக்கிட்டார். பனிச்சறுக்கு மலையேற்ற வீராங்கனை கிட் டெலோரியர்ஸ் ஜிபிஎஸ் கருவியைச் சிகரங்களின் மேல் கொண்டுபோய் அளந்து சரிபார்த்தார். இஸ்டோ 2,735.6 மீட்டர், ஹப்லி 2,717.6, சேம்பர்லின் 2,712.3. ஆக, சேம்பர்லினுக்கு மூன்றாம் இடம்தான். உச்சியிலுள்ள பனி உருகுவதால் இந்த வரிசையே காலப்போக்கில் மாறியிருக்கலாம் என்றும் அந்த ஆய்வு சொன்னது.

மேகத்தைத் துளைக்கும் அலை

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 60 மீட்டர் நீளக் கம்பத்தை விண்வெளியில் நீட்டி, பதினொரு நாளில் உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை ரேடாரால் அளந்தது. இன்று உலகெங்கும் பயன்படும் உயரத் தரவுகளில் பெரும்பகுதி அதன் கொடை. ஆனால் விண்கலத்தின் பாதை வடக்கே 60 டிகிரி அட்சரேகைக்கு மேல் பார்க்கவில்லை. ஆர்க்டிக் முழுதும் விடுபட்டுப்போனது.

ஆகவே அலாஸ்காவுக்கு 2010 முதல் விமானங்கள் கிளம்பின. அவற்றில் இருந்தது குறுக்கீட்டு ரேடார். ஒரே விமானத்தில் சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு ஆண்டெனாக்கள். தரையில் பட்டுத் திரும்பும் ஒரே அலை இரண்டுக்கும் மிகமிகச் சிறிய கால வேறுபாட்டில் வந்து சேரும். அலையின் ஏற்ற இறக்கத்தில் எந்தக் கட்டத்தில் அது ஒவ்வொன்றையும் தொட்டது என்பதை ஒப்பிட்டால் கோணம் கிடைக்கும், கோணமும் தூரமும் கிடைத்தால் உயரம் கிடைக்கும். இந்த அலையின் நீளம் மூன்று சென்டிமீட்டர்தான். அதிலும் ஒரு சிறு பின்னத்தைப் பல கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபடி அளக்கிறார்கள். மேகமும் பனிமூட்டமும் இரவும் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆண்டில் பெரும்பகுதி மேகம் கவிந்த நாட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அலையின் நீளத்தை மாற்றினால் வேறொரு அதிசயம். மூன்று சென்டிமீட்டர் அலை மர உச்சியில் பட்டே திரும்பிவிடும். ஒரு மீட்டருக்குச் சற்றே குறைந்த நீள அலையோ இலை கிளைகளைக் கண்டுகொள்ளாமல் ஊடுருவித் தரையைத் தொடும். இரண்டையும் கழித்தால் மரத்தின் உயரம்! இப்படி அளந்த தரவைக் கொண்டு, ஐந்து மீட்டருக்கு ஓர் உயரப்புள்ளி வீதம் அலாஸ்கா முழுமைக்கும் புதிய அடித்தளம் கிடைத்தது. 1:25,000 அளவில் 11,000க்கும் மேற்பட்ட புதிய தலப்படத் தாள்கள் அதிலிருந்து பிறந்தன.

ரேடாரும் சறுக்கும். 2013இல் அதன் கணக்குப்படி டெனாலி சிகரம் 20,237 அடி என்று அறிவித்தார்கள். 2015இல் ஒரு குழு ஜிபிஎஸ்சோடு ஏறி அளந்தது: 20,310 அடி. ரேடார் ஒரு கட்டத்தின் சராசரியைத் தருகிறது, ஊசி முனையைத் தருவதில்லை. பரந்த நிலத்துக்குச் சிறந்த கருவி ஒற்றைப் புள்ளிக்குச் சிறந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1950களில் புகைப்படங்களிலிருந்து கணித்த பழைய உயரமான 20,320 அடி, புதிய அளவிலிருந்து பத்தே அடிதான் விலகியிருந்தது என்பது அந்தப் பழைய ஆட்களுக்குக் கிடைத்த தாமதமான பாராட்டு.

அலாஸ்காவைத் தாண்டிய ஆர்க்டிக்குக்கு வழி செயற்கைக்கோளில் திறந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் துருவ நிலத்தரவு மையம், 60 டிகிரிக்கு வடக்கேயுள்ள நிலம் அனைத்தையும் இரண்டு மீட்டர் கட்டங்களாக அளக்கும் ஆர்க்டிக்டெம் திட்டத்தை நடத்துகிறது. அடிப்படை அதே இரு கண்கள்தான், படம் எடுப்பவை மட்டும் வணிகச் செயற்கைக்கோள்கள். ஒளிப்புள்ளியை நகர்த்திய மனிதர் இருந்த இடத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எழுதிய மென்பொருள் உட்கார்ந்துகொண்டது. மனிதருக்குப் பல தலைமுறை ஆகும் வேலை. அதை புளூ வாட்டர்ஸ் என்ற மீத்திறன் கணினியிடம் கொடுத்தார்கள். 2016இல் அலாஸ்கா முதலில் வெளியானது. நோவாடக் வடிநிலம் மட்டும் சுமார் 33,000 சதுர கிலோமீட்டர். இரண்டு மீட்டர் கட்டம் என்றால் அதற்கு மட்டுமே ஏறத்தாழ 800 கோடி உயர எண்கள்.

பூஜ்யம் எங்கே இருக்கிறது?

இத்தனை உயரங்களையும் எதிலிருந்து அளப்பது? ஜிபிஎஸ் பூமியை வழுவழுப்பான நீள்கோளமாக நினைத்துக்கொண்டு, அதன் மேற்பரப்பிலிருந்து உயரம் சொல்லும். தண்ணீருக்கு அந்த வடிவகணிதம் தெரியாது, ஈர்ப்பு மட்டும்தான் தெரியும். பூமிக்குள் பொருள் சமமாகப் பரவியிருக்கவில்லை, ஆகவே ஈர்ப்பும் இடத்துக்கு இடம் மாறுகிறது. அமைதியான கடல் ஈர்ப்புக்கு மட்டும் கட்டுப்பட்டு, கண்டங்களுக்கு அடியிலும் பரவியிருந்தால் எந்த வடிவில் இருக்குமோ, அதற்கு ஜியாய்டு என்று பெயர். அதில் மேடு பள்ளங்கள் உண்டு. உலகிலேயே ஆழமான பள்ளம் நமக்குப் பக்கத்திலேயே, இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல் மட்டம் நீள்கோளத்திலிருந்து 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. கப்பலில் போகிறவர் அதை உணரவே முடியாது.

நோவாடக் போன்ற தட்டையான ஆற்றுச் சமவெளியில் இந்தப் பூஜ்யத்தில் சிறு சாய்வு இருந்தால்கூட ஆறு எதிர்த்திசையில் ஓடுவதாகக் கணக்கு வந்துவிடும். அதனால்தான் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனம் 2007 முதல் ஈர்ப்புமானியைச் சுமந்த விமானங்களை அனுப்பி ஈர்ப்பையே வரைபடமாக்கத் தொடங்கியது. நிலத்தைப் பார்க்காமல், நிலத்தின் இழுவையை மட்டும் எழுதிக்கொண்டு பறக்கும் விமானங்கள்!

தண்ணீரைத் தேடும் கணினி

உயரம் கிடைத்துவிட்டது. ஆறு எங்கே? கணினி அதைக் கண்டுபிடிக்கும் முறை மிக எளியது. ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களைப் பார்த்து, எந்தப் பக்கம் சரிவு அதிகம் என்று கேட்கும், தன் தண்ணீரை அதனிடம் தள்ளிவிடும். அது தன் அண்டையிடம் தள்ளும். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலிருந்து எத்தனை கட்டங்களின் தண்ணீர் வந்து சேர்கிறது என்று எண்ணினால், எண்ணிக்கை பெருகும் இடங்கள் நரம்புகளாகத் திரையில் தெரியும். அவைதான் ஓடைகள்.

கேட்க எளிது, செய்யக் கடினம். ஓர் ஆறு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் கட்டத்தில் அதன் இறக்கம் இரண்டே மில்லிமீட்டர். அளவையில் அரை மீட்டர் பிழை இருந்தால், பிழை இறக்கத்தைவிட 250 மடங்கு பெரிது! ரேடார் அலை வழுவழுப்பான நீரில் பட்டு விலகிப் போய்விடுவதால், ஆற்றின் மேற்பரப்பு திரும்ப அனுப்புவது பெரும்பாலும் வெற்று இரைச்சல். அதனால் வரைபடப் பணியாளர்கள் தண்ணீருக்குத் தனியாக விதி எழுதுகிறார்கள். ஏரி முழுவதும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஆறு கீழ்நோக்கி மட்டுமே படிப்படியாக இறங்க வேண்டும். கரையை விடத் தண்ணீர் தாழ்ந்திருக்க வேண்டும். பிறகு பழைய நீலக்கோடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புதிய பள்ளத்தாக்குகளில் இறக்கி வைக்கிறார்கள். தொடக்கத்தில் பார்த்த மேடேறும் ஓடைகள் இப்படித்தான் கீழே இறங்கின.

இவ்வளவுக்குப் பிறகும் துருவத்து ஆறு அடங்குவதில்லை. குளிர்காலத்தில் நிலத்தடி ஊற்று உறைந்த ஆற்றின் மேல் கசிந்து, அடுக்கடுக்காக உறைந்து, சில மீட்டர் தடிப்புள்ள பனித்தகடாகப் பரவும். புரூக்ஸ் மலைத்தொடரில் இவற்றில் சில நடுக்கோடை தாண்டியும் கிடக்கும். ஜூனில் அளந்தால் அங்கே ஒரு மேடு, ஆகஸ்டில் அளந்தால் சரளைக்கல் படுகை. வசந்தத்தில் பனி உடைந்து அடைத்துக்கொள்ளும்போது வெள்ளம் புதிய கால்வாய் வெட்டும். உறைநிலத்தில் உள்ள பனி ஆப்புகள் உருகினால் கரை சரியும், ஏரி வடிந்து போகும். ஒரே ஆறு பல இழைகளாகப் பிரிந்து ஓடும் இடங்களில், எது முதன்மைக் கால்வாய் என்பதற்குச் சென்ற ஆண்டின் விடை இந்த ஆண்டு செல்லாது.

ஆறுகளின் நீர்மட்டத்தையே அளக்க 2022 டிசம்பரில் ஸ்வாட் என்ற செயற்கைக்கோள் போயிருக்கிறது. பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆண்டெனாக்கள், அதே குறுக்கீட்டு முறை. கிட்டத்தட்ட 890 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, 100 மீட்டருக்கு மேல் அகலமான ஆறுகளின் மட்டத்தையும் சரிவையும் மீண்டும் மீண்டும் அளக்கிறது. தண்ணீரைப் பிழையாக நினைத்து ஒதுக்கிய ரேடார் நுட்பம் இப்போது தண்ணீருக்காகவே பறக்கிறது.

இந்த நூறாண்டு முயற்சியின் பலன் என்ன என்று கேட்டால், ஒரு முழுமையான, முடிந்துபோன வரைபடம் என்று சொல்ல முடியாது. தேதியிட்ட வரைபடங்களின் வரிசை என்று சொல்லலாம். ஆர்க்டிக்டெம் தரவின் ஒவ்வொரு பட்டையிலும் அது எடுக்கப்பட்ட நாள் இருக்கிறது. இரண்டு பட்டைகளைக் கழித்தால் எந்தக் கரை எவ்வளவு சரிந்தது, எந்தப் பனியாறு எவ்வளவு மெலிந்தது என்று மீட்டர் கணக்கில் வந்துவிடும். 1911இல் வரைந்த தாளும், 1950களின் தாளும் இதே காரணத்தால் இன்றும் மதிப்பிழக்கவில்லை. பிழைகளோடு சேர்த்து, அவை அன்றைய ஆற்றின் சாட்சியம்.

ஆர்க்டிக்டெம் தரவை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கலாம். நேரம் கிடைக்கும்போது நோவாடக்கின் வளைவுகளைத் திரையில் ஒருமுறை மேலிருந்து கீழாகத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். இனி எந்த ஆற்றின் வரைபடத்தைக் கையில் எடுத்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: முதலில் மூலையில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் படியுங்கள், ஆற்றை அதன் பிறகு பார்க்கலாம்.